கேட்டைச் சாத்தியவன் சொல்வது

என் மேல் ஊரில் ஒரு புகார் நடமாடுகிறது. தங்கச்சி போனில் சொன்னாள். "ரிட்டையர் ஆனதுல இருந்து அவனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. சம்சாரத்துக்கு முடியலைன்னு பார்க்கப் போனா மூஞ்சிக்கு நேரா கேட்டைச் சாத்திட்டான்" என்று பெரியப்பா மகன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

புகார் உண்மை. சாத்தினேன். இனியும் சாத்துவேன். ஏன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்தானே.

வீட்டுக்காரம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. பிறகு கோவையில் ஒரு மருத்துவமனையில் கீமோ, 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு. முதல் டோஸ் முடிந்து வீடு திரும்பிய மறுநாளே ஒறம்பரை வர ஆரம்பித்தது. நம்ம பக்கத்து வழக்கம் தெரியாதா? கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். எழவுக்கும் நோய்க்கும் போகாவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஒன்பது நாளில் பதினொரு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. எண்ணினேன், முப்பத்திநாலு வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவனின் புத்தி. வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஒரு அம்மணி, மூக்கு ஒழுகும் பேரனை அவள் மடியிலேயே உட்காரவைத்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வர வர எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவளுக்குக் குளிர் நடுங்கியது. கொரோனா காலத்தில் வாங்கிய தெர்மாமீட்டரை வைத்தால் 101.2. தெரிந்த மெடிக்கல் ஷாப் பையனுக்குப் போன் போட்டேன். "பாராசிட்டமால் ஒண்ணு குடுங்க சார், காலைல பார்த்துக்கலாம்" என்றான். கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வேர்த்து, காய்ச்சல் இறங்கி, அவள் தூங்கிவிட்டாள். அப்பாடா என்று நானும் படுத்தேன்.

நாலரை மணிக்கு எழுந்து பார்த்தால் கை கால் சில்லிட்டிருந்தது. "தறி ஓடுதுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். பல்லடம் பக்கம் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஏது தறி? 108-ஐக் கூப்பிட்டோம். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?" நேற்று ராத்திரி பதினொன்று என்றேன். அந்த டாக்டர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறரை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாள் ஐ.சி.யு.வில் இருந்தாள். பிழைத்து வந்தாள்.

அந்த ஆறு நாளில்தான் நியூட்ரோபீனியா என்ற வார்த்தையை நான் கற்றுக்கொண்டேன். முதல் டோஸ் முடிந்தபோது கொடுத்த ஃபைலைப் புரட்டினால், காய்ச்சல் வந்தால் உடனே வரவும் என்று ஒரு தாளில் போட்டிருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பில்லுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில். அதை வாசித்துக் காட்ட ஒருத்தருக்கும் நேரமில்லை. ஒரே ஒரு வரி தமிழில், கொட்டை எழுத்தில், முதல் பக்கத்தில் இருந்திருந்தால் நான் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்க மாட்டேன். இதைக் கேட்டால் "பேஷன்ட் எஜுகேஷன் குடுத்துட்டோமே" என்பார்கள்.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பல ரகம். கிருமி உள்ளே நுழைந்ததும் முதலில் ஓடிப்போய் அதை விழுங்குகிற ரகம் நியூட்ரோஃபில். ரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாள்கூட முழுதாகத் தேறாது என்பதால் எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய 10,000 கோடி புதிதாகச் செய்து அனுப்புகிறது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். புற்று அப்படிப் பெருகுவது; மஜ்ஜையும் அப்படித்தான். அதனால் மருந்து ஏற்றிய 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை தரைதட்டும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நாம் எல்லாரும் டோட்டல் கவுண்ட்டைத்தான் பார்க்கிறோம். அது போதாது. பனியன்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பெட்டியில் மொத்தம் எத்தனை பீஸ் என்று மட்டும் பார்த்து யாராவது சரக்கு ஏற்றுவார்களா? எம் சைஸ் எத்தனை, எல் சைஸ் எத்தனை என்று பிரித்துப் பார்க்கவேண்டாமா? டோட்டல் கவுண்ட்டை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கவேண்டும். அன்றைக்கு அவளுடைய மொத்தம் 1,400, நியூட்ரோஃபில் 15 சதவீதம். பெருக்கினால் 210. பெரியவர்களுக்கு 1,500-க்குக் கீழே போனாலே குறைவு என்று அர்த்தம். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. அவள் 210-ல் இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று. புண்ணில் சீழ் பிடிக்கிறதே, அந்தச் சீழே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அது இல்லாதவர்களுக்குச் சீழ் பிடிக்காது, சரியாக வீங்காது, சிவக்காது. உள்ளே கிருமி பரவுவதற்கு வெளியே தெரிகிற ஒரே அடையாளம் பல நேரங்களில் காய்ச்சல் மட்டும்தான். பாராசிட்டமால் கொடுத்து நான் அந்த ஒற்றை அடையாளத்தையும் அழித்தேன். எண்ணிக்கை எவ்வளவு கீழே, எத்தனை நாள் கீழே என்பதைப் பொறுத்துத்தான் தொற்று வருகிறது என்று அமெரிக்காவில் ஜெரால்டு போடி என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1966-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலோ, 101 ஒரு தடவை தொட்டாலோ உடனே கிளம்பவேண்டும். மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும். "காலைல பார்த்துக்கலாம்" என்பதற்கு இதில் இடமே இல்லை.

அண்ணனுக்காக ஒரு உண்மையையும் சொல்லவேண்டும். அன்றைய தொற்றை யார் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. நிறையப் பேருக்கு அவங்க வாயில, குடல்ல இருக்கிற கிருமியேதான் ரத்தத்துல இறங்குது" என்றார் டாக்டர் அம்மா. ஆகவே அந்தக் குழந்தை மேல் நான் பழி போடவில்லை. பழி மாத்திரை கொடுத்துவிட்டுத் தூங்கிய என் மேல். ஆனால் குடலில் இருக்கிறதை நான் தடுக்க முடியாது. வாசலில் இருக்கிறதைத் தடுக்க முடியும். சளியும் இருமலும் வண்டியேறி வீட்டுக்குள் வருவதற்கு நலம் விசாரிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் அது நல்ல காரியம் ஆகிவிடாது.

"நேர்ல பார்த்தாத்தானே அவளுக்குத் தெம்பு" என்கிறார்கள். வந்த கூட்டத்தில் எத்தனைப் பேர் அவளுக்குத் தெம்பு கொடுத்தீர்கள்? இன்னாருக்கும் இதே வியாதிதான், மூன்றே மாதத்தில் போய்விட்டார் என்று அவள் எதிரிலேயே சொன்னவர்கள் இருவர். கோவைச் சாலையின் போக்குவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் மீதிப்பேர். 2020-ல் மாஸ்க் போட்டு ஆறடி தள்ளி நின்ற அதே மனிதர்கள்தானே நாம்? ஐந்தாறு வருஷத்தில் அது எங்கே போயிற்று?

பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தவர் ஒருவர். டெங்கு சமயத்தில் தட்டணுவுக்கு என்று எல்லாரும் குடித்த சாறு அது. இவளுக்குக் குறைந்தது தட்டணு இல்லை. கவுண்ட் தரைதட்டியவருக்கு வேகாத இலையை அரைத்துக் கொடுப்பது மண்ணையும் கிருமியையும் சேர்த்துக் கொடுப்பது. எதிர்ப்பக்கமும் ஒரு கூத்து உண்டு. பழமே கூடாது, எல்லாவற்றையும் வேகவை என்று மிரட்டுகிறவர்கள். 2008-ல் அமெரிக்காவில் ரத்தப் புற்று நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குச் சமைத்த உணவு மட்டும், இன்னொன்றுக்குப் பழம் காய்கறியும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நன்றாகக் கழுவித் தோலுரித்த வாழைப்பழத்தை அவளுக்கு எங்கள் டாக்டரே அனுமதித்தார். வாய் ருசி செத்துக் கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

நமக்குக் கேன்சர் இல்லையே என்று இந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். தைராய்டு அதிகம் சுரப்பவர்கள் சாப்பிடும் கார்பிமசோல், மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் ஆகியவையும் சிலருக்கு இதைச் செய்யும். அவர்களுக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் விளையாட்டு இல்லை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டு மஜ்ஜையைக் காலி செய்துகொள்கிறவர்கள் உண்டு. நம் வயதுக்காரர்கள் தலைவலிக்கெல்லாம் போட்ட அனால்ஜின் ஞாபகம் இருக்கிறதா? அதை 2013-ல் மத்திய அரசு நிறுத்தி, அடுத்த வருஷமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப விட்டது. எச்சரிக்கை அட்டையில் இருந்து என்ன பயன், நமக்கு மாத்திரையைக் கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுக்கும்போது?

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி லைன் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். ஃபிளாட்லாக் டெய்லர். அவளுக்கும் இதே வியாதி, முதலமைச்சர் காப்பீட்டில் இதே கீமோ. காப்பீடு மருந்துக்குத்தான், வீட்டு வாடகைக்கு இல்லை. பீஸ் ரேட்டில் தைக்கிறவள் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. எட்டாம் நாள் கம்பெனி வேனில் நெருக்கியடித்து வேலைக்குப் போனாள். ராத்திரி காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட்" மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் இல்லை. என் வீட்டுக்காரம்மா ஐ.சி.யு.வில் இருந்து திரும்பிய வாரம் அது. நாங்கள் இருவரும் அன்று சாப்பிடவில்லை.

ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால்? தகுதியான காலம் சந்தா கட்டியவருக்குப் புற்றுநோய் வந்தால் நீட்டிக்கப்பட்ட நோய்ப்பயன் என்று ஒன்று உண்டு. கூலியில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைக்கும் கிடைக்க வழியுண்டு. 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாள் வரை அவள் வீட்டில் படுத்திருக்கலாம். அவளுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. கான்ட்ராக்ட்காரரிடம் கைக்கூலி. அவள் எங்கள் கம்பெனிக்காரி இல்லை. ஆனால் அவளைப் போன்றவர்களை நான் எழுதியிருக்கிறேன். உள்ளே 120 பேர் ஓடும்போது ஈ.எஸ்.ஐ. ரிஜிஸ்டரில் 45 பேர். மீதியெல்லாம் வேறொரு நோட்டில், பேர்கூட முழுசாக இல்லாமல், "செல்வி – ஓவர்லாக்" என்கிற மாதிரி. முதலாளி சொன்னார், நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

2019-ல் இங்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நல்லது. கட்டடம் வேண்டும்தான். ஆனால் நோட்டில் பேர் இல்லாதவளுக்கு எந்தக் கட்டடத்தின் கதவு திறக்கும்? முதலாளிகளாக இருக்கும் நண்பர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளலாம். என்னைவிட அவர்களுக்கு அந்த இரண்டாவது நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

எங்களுக்குத் துணை எப்படி வந்தது என்றும் சொல்லவேண்டும். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி, அந்த எட்டு நாளும் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார். கேட்காமலே செய்கிறார். கொழுந்தியா காலையில் ஆவி பறக்கும் இட்லியைக் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்துவிட்டு, "அக்கா, சூடு ஆறறதுக்குள்ள சாப்புடு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவாள். பழைய செக்கிங் செக்‌ஷன் அம்மாள் ஒருவர் தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்குப் போன் செய்து "எத்தனை டிகிரிங்க்கா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமே என்பதற்காகவே இவள் மறக்காமல் தெர்மாமீட்டர் வைப்பாள். இரண்டாவது டோஸில் இருந்து எண்ணிக்கை ஏற்ற ஊசி போடுகிறார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலிக்கிறது, ஆனால் 210 திரும்ப வரவில்லை.

அண்ணா, ஐந்தாவது டோஸ் வருகிற புதன்கிழமை. ஏழாம் நாளில் இருந்து எட்டு நாளைக்கு கேட் சாத்தித்தான் இருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். அவள் திண்ணையில் வந்து உட்காருவாள். அங்கிருந்து பேசினால் நன்றாகவே கேட்கும். ஹார்லிக்ஸ் வேண்டாம். ராத்திரியில் எந்நேரமும் எடுக்கிற மாதிரி உங்கள் மகன் நம்பரைக் கொடுங்கள். அவனிடம் கார் இருக்கிறது.