கல்யாணக் கடன் யார் கணக்கு?



போன சனிக்கிழமை மத்தியானம் வேடசந்தூரில் பஸ் ஏறினேன். ஞாயிறு விடிகாலை கோயமுத்தூரில் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியுமா? எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர் கூட வந்தார்கள். வெங்காயக் காட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்யும் ஜனங்கள். பஸ் கட்டணம் ஒருபுறம், இரண்டு நாள் கூலி இழப்பு மறுபுறம், மொய்ப்பணம் இன்னொரு புறம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று பாதி வழி நின்றுகொண்டே போய், இரவில் சிங்காநல்லூரில் இறங்கினோம்.

காலையில் தாலி கட்டி முடிந்ததும் பந்தி. என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மில்களுக்கு ஊர் ஊராய்ப் போய்ப் பெண் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. அவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “கூலி போதலைன்னு வருஷம் பூரா கொடி பிடிக்கிறீங்க. கல்யாணம்னா மட்டும் மண்டபம், பவுன், வண்டி எல்லாம் எங்கிருந்து வருது? தொழிலாளி கெடுறது ஆடம்பரத்தாலதான், தோழர்!”

பெண் வீட்டு விருந்தில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு. அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டாரல்லவா? கணக்கைப் பார்ப்போம். என் மச்சான் பஞ்சாலையில் இருபது வருஷம் உழைத்தவர். 2020 மார்ச்சில் முழு அடைப்பு வந்தபோது சாத்திய மில் கதவு அவருக்குப் பிறகு திறக்கவே இல்லை. இப்போது ஒரு குடோனில் இரவுக் காவல். மணப்பெண்ணுக்கு நூற்பாலையில் நாள் கூலி 450 ரூபாய். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது 5 பவுனும் ஒரு மோட்டார் சைக்கிளும். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில் அந்த 5 பவுன் மட்டும் அவளுடைய மூன்று வருஷக் கூலிக்கு மேலே! அக்காள் தன் பழைய நகையை உருக்கினாள். மிச்சத்துக்கு 2 லட்சம் ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. அப்படியென்றால் மாதம் 6,000 ரூபாய். வருஷம் 72,000. ஐந்து வருஷத்தில் 3,60,000 ரூபாய் வட்டி கட்டி முடித்தாலும், அசல் 2 லட்சம் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் வாசற்படியில் இருக்கிறார்.

இதற்குப் பெயர் ஆடம்பரமா? ஆசைப்பட்டுச் செய்கிற செலவு ஆடம்பரம். வேறு வழியில்லாமல் செய்கிற செலவு தண்டம்.

சரி, மாப்பிள்ளை வீட்டார் ஈவிரக்கமற்றவர்களா? அதுவும் இல்லை. பையன் லேத் பட்டறையில் வேலை செய்கிறான், நல்லவன். அவனுடைய தங்கையைக் கட்டிக் கொடுத்த கடன் அவர்கள் தலைமேல் இருக்கிறது. அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பவுன். என் அக்காள் வீட்டுப் பணம் அங்கே போகிறது. அந்த வீட்டுப் பணம் முன்னாலேயே வேறொரு தொழிலாளி வீட்டுக்குப் போயிற்று. பணம் ஏழை வீட்டிலிருந்து ஏழை வீட்டுக்குச் சுற்றுவதுபோலத் தெரியும். கடைசியில் அது தங்குவது எங்கே? வட்டிக்கடை இரும்புப் பெட்டியில்!

வரதட்சணை கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று 1961-ல் சட்டம் வந்தது. 1986-ல் அதைத் திருத்தி, குறைந்தது 5 வருஷச் சிறை என்றார்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் பார்த்திருக்க வண்டிச் சாவி கைமாறியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி அந்த ஏஜெண்டுக்கு நேரடியாக ஒரு கேள்வி. தொழிலாளியின் கல்யாண ஆசையை வைத்து வியாபாரம் செய்தது யார், ஐயா? ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமான பெயர் வைத்து, ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷத்துக்கு மில் ஹாஸ்டலில் அடைத்தவர்கள் யார்? கையில் கொடுப்பது சொற்பம். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாய் ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அதுவும் கிடையாது. அந்தத் தொகை முதலாளி போட்ட பிச்சையா? அவள் கூலியைப் பிடித்துவைத்து, அவளுக்கே சீதனம் என்று காட்டினீர்கள்!

இது ஏட்டில் படித்தது அல்ல. மணப்பெண்ணின் மூத்தவள் 2009-ல், பதினாறு வயதில், அப்படிப் போனவள். இருபத்தேழாவது மாதத்தில் இருமலோடும் காய்ச்சலோடும் திரும்பினாள். ஒரு காசு வரவில்லை. அன்றைக்கு மண்டப வாசலில் சந்தனக் கும்பா ஏந்தி அந்த ஏஜெண்டையும் வரவேற்றவள் அவள்தான்.

தோழர்களே, பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. தாய்மாமன் சீர் கொண்டுபோக நானும் 10,000 ரூபாய் கடன் வாங்கினேன். ‘முழுநேர ஊழியன் வெறுங்கையோடு வந்தான்’ என்று உறவு பேசுமே என்று பயந்தேன். மேடையில் வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்டார்கள். பதினாறும் பெற்று வாழ்க என்று நாலு வார்த்தை சொல்லி இறங்கினேன். புறப்படும்போது மணப்பெண் என்னிடம் வந்து, “மாமா, நீங்களாவது இதைப் பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். சாட்டையால் அடித்தது போலிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில்.

சங்கத்தில் கூலி உயர்வு பேசுகிறோம், போனஸ் பேசுகிறோம். உயர்த்திய கூலி எந்த வழியாக வீட்டை விட்டுப் போகிறது என்று பேசுகிறோமா? ‘அது குடும்ப விஷயம்’ என்று ஒதுக்கி வைக்கிறோம். கடன்பட்ட தொழிலாளி வேலை நிறுத்தத்தில் எத்தனை நாள் நிற்பான்? பத்தாம் நாள் வட்டிக்காரர் வந்தால் பதினோராம் நாள் மில் கேட்டில் நிற்பான். இது குடும்ப விஷயமா, சங்க விஷயமா?

ஆகவே செய்ய வேண்டியது இவை. எந்தப் பெயரிலும் கூலியைப் பிடித்துவைக்க விடாதீர்கள். மாதாமாதம் முழுக்கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. கேளுங்கள். வரதட்சணை வாங்க மாட்டேன் என்று சங்கத்து வாலிபர்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி நடக்கும் கல்யாணமும் செல்லும் என்று 1967-லேயே நம் மாகாணத்தில் சட்டமாயிற்று. சங்கக் கட்டிடத்தில் நடத்தி, சார்பதிவாளர் ஆபீசில் பதிந்தால் போதும். மண்டப வாடகை மிச்சம். மொய்ப்பணம் தம்பதிகளுக்கே மிஞ்சும்.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் கல்யாணத்துக்கு நான் ஒரு குண்டுமணித் தங்கமும் கொடுக்கப்போவதில்லை. கேட்கிற வீட்டில் அவளைக் கட்டிக் கொடுக்கப்போவதும் இல்லை. உங்கள் எல்லாருக்கும் தெரியவே அச்சில் எழுதிவிட்டேன். நாளைக்கு நான் தவறினால், இந்தப் பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேளுங்கள்.