குடும்பப்பெயர் இல்லாதது குறையா?

வெளிநாட்டு விசா விண்ணப்பமும் விமான நிறுவன இணையதளமும் குடும்பப்பெயரைக் கேட்கும்போது, தமிழர்கள் பலர் தந்தை பெயரை எழுதிச் சமாளிக்கிறார்கள். இதைத் தமிழ்ப் பெயர்முறையின் குறையாகக் கருதி, நிலையான குடும்பப்பெயர் ஒன்றை எல்லோரும் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. ஏற்பதற்கில்லை. தமிழ்நாட்டில் பெயருக்கு வாலாக இருந்தது பெரும்பாலும் சாதி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விட்டொழிக்கச் சொன்னது. வாலை நறுக்கியதால் சாதி ஒழிந்ததா என்று கேட்கலாம். ஒழியவில்லைதான், ஆனால் வகுப்பறையிலும் நேர்காணலிலும் ஒருவரின் சாதியை அவர் பெயரே அறிவித்துவிடும் நிலை குறைந்தது சிறிய ஆதாயமல்ல. தலைப்பெழுத்து தந்தையை மட்டுமே முன்னிறுத்துகிறது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதற்கு வழி, தாயின் எழுத்தையும் சேர்ப்பது. குடும்பப்பெயரும் பெரும்பாலும் தந்தைவழியே வருவதால் அது இதைத் தீர்க்காது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள்; புதிதாகக் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்வதை 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதனால் அந்நாட்டு நிர்வாகம் முடங்கிவிடவில்லை. ஆகவே, படிவங்களில் குடும்பப்பெயருக்கான கட்டத்தைக் கட்டாயமற்றதாக்கும்படி கேட்பதே நியாயம்.