காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே

பாரவூர்திச் சாரதிகளின் வேலை நேரம் இலத்திரனியல் கருவியிற் பதியப்பட வேண்டும் என்ற விதி, கனடாவில் மாகாண எல்லைகளைக் கடந்து ஓடும் ஊர்திகளுக்கு 2021 ஆம் ஆண்டு யூன் 12 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. 2023 சனவரி முதலாந் திகதியிலிருந்து அது முழுமையாக அமுலாக்கப்படுகின்றது. முன்னர் சாரதிகள் காகிதத்திற் கோடு கீறினார்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு புத்தகங்கள் வைத்திருந்தோரும் இருந்தனர் என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் புதிய செய்தியல்ல. கருவி வந்துவிட்டால் பொய் எழுத இடமிராது, சாரதியை எவரும் வருத்தவும் முடியாது என்று பலர் நம்பினர். நாம் அவ்வாறு நம்பவில்லை.

அதற்கான காரணத்தை விளக்குவதற்கு, கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முதலிற் சொல்ல வேண்டும். சாரதியின் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் இதை அறிந்திருத்தல் நன்று. ஒரு நாளின் 24 மணித்தியாலங்களும் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன: கடமையில் இல்லாத நேரம், ஊர்தியின் படுக்கையிற் கழியும் நேரம், ஓட்டும் நேரம், ஓட்டாமற் கடமையில் இருக்கும் நேரம். கருவி இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். ஊர்தியின் வேகம் மணிக்கு 8 கிலோமீற்றரை எட்டியதும் அது ஓட்டும் நேரத்தைத் தானாகவே பதியத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடம் ஊர்தி அசையாது நின்றால் சாரதியிடம் கேள்வி கேட்கும். ஒரு நிமிடத்துள் பதில் இல்லாவிடின், ஓட்டாமற் கடமையில் இருக்கும் நிலைக்குத் தானே மாறிக்கொள்ளும். ஆகவே ஓட்டிய நேரத்தை மறைப்பது கடினம். ஏனைய மூன்று நிலைகளையும் தெரிவு செய்வது சாரதியின் விரல். பொய் இப்பொழுது அங்கேதான் குடியேறியிருக்கின்றது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் சென்று திரும்பும் சாரதி ஒருவர் காலை 5 மணிக்கு வேலை தொடங்குகின்றார். ஊர்தியைச் சோதிக்க அரை மணித்தியாலம், ஓட்டம் ஆறு மணித்தியாலம். 11.30 மணிக்குப் பண்டகசாலையின் வாசலை அடைகின்றார். அங்கே பொருள் இறக்கி ஏற்றும்வரை மூன்றரை மணித்தியாலம் காத்திருக்கின்றார். மாலை 3 மணிக்குப் புறப்படும்போது அவர் கடமையில் இருந்த நேரம் பத்து மணித்தியாலம். ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது என்பதும், கடமை நேரம் 14 மணித்தியாலத்தைத் தாண்டிய பின்னர் ஓட்டலாகாது என்பதும் சட்டம். எனவே இரவு 7 மணிக்கு, பெல்வில் நகருக்கு அண்மையில் எங்கோ, அவர் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேர ஓட்டம் இருக்கின்றது.

அந்த மூன்றரை மணித்தியாலத்தையும் 'கடமையில் இல்லை' என்று பதிந்துவிட்டால் இரவு 9 மணிக்கு வீடு வந்துவிடலாம். ஓய்வின் பின் 16 மணித்தியாலம் கழிந்தால் ஓட்டலாகாது என்ற மற்றொரு விதியின் எல்லையும் அதுவே. கணக்குச் சரியாக வரும். ஆனால் அதிகாலையில் எழுந்த மனிதர், சட்டம் தடுத்த இரண்டு மணித்தியாலத்தை 401 ஆம் நெடுஞ்சாலையில், இருளில், களைத்த கண்களுடன் ஓட்டியிருக்கின்றார்.

ஊர்தியில் ஏற்றி இறக்குவதற்காகக் காத்திருக்கும் நேரம் கடமை நேரமே என்று கனடியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கின்றது. உண்மையாகவே படுக்கையிற் படுத்து உறங்கினால் அது வேறு. வரிசை எப்போது நகரும், தொலைபேசி எப்போது அழைக்கும் என்று வளையத்தைப் பிடித்தபடி இருப்பவர் ஓய்வில் இல்லை. கருவி இடத்தையும் பதிகின்றது. பண்டகசாலைச் சீட்டில் வந்த நேரமும் போன நேரமும் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட அதிகாரிக்கு அதிக நேரம் ஆகாது.

பின் ஏன் இவ்வாறு பதிகின்றார்கள்? பலருக்குக் கூலி மைல் கணக்கில். நின்ற நேரத்துக்குப் பணம் இல்லை; பணம் தராத நேரத்தை வேலை என்று எழுத மனம் வருவதில்லை. மறுபுறம், அலுவலகத்திலிருந்து ஊர்தியை அனுப்புபவர், "அதை மாற்றி விடு தம்பி" என்கிறார். நிறுவனம் பதிவில் திருத்தத்தை முன்மொழியலாம். சாரதி ஏற்றாலன்றி அது செல்லாது. மறுக்கும் உரிமை உண்டு என்பதை எம்மவர் பலருக்கு எவரும் சொல்வதில்லை. களைத்த சாரதியை ஓட்டுமாறு கேட்கவோ, வற்புறுத்தவோ, அனுமதிக்கவோ கூடாது என்ற தடை, நிறுவனத்துக்கு மட்டுமன்றிப் பொருளை அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் உரியது.

கருவி குற்றமற்றது என்று நாம் வாதிட வரவில்லை. நேரம் முடிந்த இடத்தில் ஊர்தி நிறுத்த இடம் கிடைக்காது அலைவோரின் முறைப்பாடு நியாயமானதே. சொந்தத் தேவைக்கு நாளொன்றுக்கு 75 கிலோமீற்றர் ஓட்டலாம் என்ற சலுகையும், சுமையிறக்கி ரெய்லரைக் கழற்றியவருக்கே உரியது.

ஆயினும் ஒன்றை மறக்க முடியாது. 2018 ஏப்பிரல் 6 ஆந் திகதி சஸ்கற்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் நகர் ஹொக்கி அணியினர் சென்ற பஸ்ஸும் பாரவூர்தி ஒன்றும் மோதி 16 பேர் மாண்டனர். நிறுத்தற் குறியில் நிறுத்தாது சென்ற சாரதி, எம்மைப் போல் இந்நாட்டுக்கு வந்து நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். விசாரணையில் அவரது நேரப் பதிவேடுகளும் பிரித்துப் பார்க்கப்பட்டன. முந்திய 11 நாட்களில் அவரும் நிறுவனமுமாக 70 விதிமீறல்கள் எண்ணப்பட்டன. சாரதிக்கு 2019 இல் எட்டு ஆண்டுச் சிறை. 2024 இல் நாடுகடத்தும் உத்தரவு. பதிவேடுகளைக் கவனியாத நிறுவன உரிமையாளருக்கு 5,000 டொலர் அபராதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை, குடியுரிமை பெறாதவரின் வதிவிட உரிமையையே பறிக்கக்கூடும் என்பது குடிவரவுச் சட்டம். குடியுரிமை விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்காய் மேசை லாச்சியில் வைத்திருக்கும் சாரதிகள் இதை நினைவிற் கொள்ளட்டும்.

முதலாளிமாரிடம், அவர்களுள் எம்மவரும் உளர், நாம் கேட்பது காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி. அதைப் பண்டகசாலைக்காரரிடம் அறவிடுவது அவர்களது பொறுப்பு. "கம்பனி ஒன்று பதிந்துகொண்டு வா, சம்பளம் தருகிறேன்" என்று ஊழியரை ஒப்பந்தக்காரராகக் காட்டுவதையும் 2021 சனவரி முதல் சமஷ்டித் தொழிற் சட்டம் தடை செய்துள்ளது. ஊழியரல்லர் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது.

சாரதிகளுக்கு ஒரு செய்தி. உண்மையாய்ப் பதிந்த நேரம் உங்களுக்கே சாட்சி. ஊதியம் தரப்படாவிடின் சமஷ்டி அரசிடம் ஆறு மாதத்துள் முறையிட வேண்டும். ஒன்ராறியோவுக்குள் மட்டும் வேலை செய்வோருக்கு மாகாணச் சட்டம் இரண்டு ஆண்டுகள் தருகின்றது. நிறுவனமோ பதிவுகளை ஆறு மாதம் வைத்திருந்தாற் போதும். சாரதியின் கருவியில் இருப்பது அன்றைய நாளும் முந்திய 14 நாட்களும் மட்டுமே. ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு முறை அவற்றின் பிரதியை எடுத்து, பண்டகசாலைச் சீட்டுகளுடன் சேர்த்து வீட்டில் வைத்திருங்கள். கணினி தெரிந்த பிள்ளைக்கு அது அரை மணி நேர வேலை.