மூட்டையில் போகும் தண்ணீர்!

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகு மூட்டைக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் பக்கத்தில் பாதாம் பருப்பு மூட்டையும் இடம்பிடித்து நெடுநாளாகிறது. மிளகும் ஏலமும் இடுக்கி மலையிலிருந்து இறங்கி வருபவை. பாதாமோ பெரும்பாலும் கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வருவது. உலகில் விளையும் பாதாமில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. அதற்கு மிகப் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் இந்தியா.

இந்தப் பருப்பு ஒன்றை விளைவிக்க எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கலிபோர்னிய பாதாம் ஒரு கிலோவுக்கு 10,240 லிட்டர் என்று கணக்கிட்டது. அதாவது, ஒரு பருப்புக்குச் சுமார் 12 லிட்டர். ஞாபக சக்திக்கு நல்லது என்று இரவில் பத்துப் பருப்பை ஊறவைத்து, காலையில் தோலுரித்துப் பிள்ளைகளுக்குத் தரும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் உண்டு. அந்தப் பத்துப் பருப்புக்குள் 120 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நகர்ப்புறவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு அரசு நிர்ணயித்திருக்கும் அளவு 135 லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசிக்கு வாக்களித்ததோ 55 லிட்டர்தான்.

மட்டாஞ்சேரிவாசிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். சுற்றிலும் கடலும் காயலும் சூழ்ந்த அந்தப் பகுதியில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கிறது. ஒரு காலத்தில் ஆலுவாவிலிருந்து படகில் ஏற்றி வந்த நீரைக் குடித்தார்கள். 1914-இல் ஆலுவாவுக்கு அருகில் சொவ்வரையில் பெரியாற்று நீரை இறைத்து விநியோகிக்கும் திட்டம் வந்தது. நூறாண்டு கடந்தும் குடம் மறையவில்லை. 2023 ஜனவரியில் மூவாற்றுப்புழை ஆற்றின் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதானதும், மேற்கு கொச்சியும் மரடும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. ஏற்றுமதிக்கான வாசனைத் திரவியங்கள் அடுக்கிய கிடங்குகளின் சந்துகளில்தான் அந்தக் குடங்களும் வரிசையில் நின்றன.

இந்தத் தண்ணீர் வரும் வழி சுவையானது. மூவாற்றுப்புழையில் கோடையிலும் நீர் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம், மழையைவிட மின்சாரம்தான். பெரியாற்றை இடுக்கியில் தடுத்து, மலையைக் குடைந்து மூலமற்றம் மின்நிலையத்துக்குக் கொண்டுசென்று, அங்கு சுழலியைச் சுற்றிய நீரைத் தொடுபுழை ஆற்றில் விடுகிறார்கள். அது மூவாற்றுப்புழையில் கலந்து, பாழூரில் இறைக்கப்பட்டு, மரடு சுத்திகரிப்பு நிலையம் வழியாக மேற்கு கொச்சியை அடைகிறது. அதே பெரியாற்றின் மேல்பகுதியில், 1895 முதல் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலைக்குக் கிழக்கே திரும்பும் நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரையையும் நனைக்கிறது. ஒரு நதிக்கு இத்தனை வாசல்கள்.

இந்த வாசல்களில் பாயும் நீரைப் பொறியாளர்கள் கன அடியில் அளந்து விடுகிறார்கள். மூட்டைக்குள் புகுந்து வெளியேறும் நீரைத்தான் யாரும் அளப்பதில்லை. லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களில் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் மறைநீர் என்று வழங்கிவரும் கருத்து அது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள மேற்காசிய நாடுகள் நீருக்காகப் போரிடாமல் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற கேள்விக்கு, கோதுமை மூட்டையாகத் தண்ணீரை இறக்குமதி செய்துகொள்கின்றன என்பது அவர் கண்ட விடை. 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது அவருக்குக் கிடைத்தது. நெதர்லாந்தின் ஹூக்ஸ்ட்ரா அதைப் பயிர்வாரியாகக் கணக்கிடும் முறையை வகுத்தார்.

அந்தக் கணக்கைப் பார்த்தால் மட்டாஞ்சேரி வியாபாரிகளே திகைப்பார்கள். உலக சராசரிப்படி ஓடு நீக்கிய பாதாம் கிலோவுக்குச் சுமார் 16,000 லிட்டர். மிளகு 7,600 லிட்டர். ஏலமும் ஜாதிக்காயும் சேர்ந்த வகைக்கோ 34,000 லிட்டருக்கும் மேல்! அப்படியானால் பாதாமைவிட ஏலக்காய்தான் பெரிய குற்றவாளியா?

இங்குதான் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது தெரிகிறது. ஏலச்செடி குடிக்கும் நீரில் பெரும்பகுதி, காட்டு மரங்களின் நிழலில் பெய்யும் பருவமழை. ஏலம் நடாவிட்டாலும் அந்த மழை அங்கே பெய்யும். காடு அதைக் குடிக்கும். ஒரு கிலோ ஏலக்காயை உணவில் சேர்த்துத் தீர்க்க ஒரு குடும்பத்துக்கு ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மை. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் கோடையில் மழை கிடையாது. அங்கு பாதாம் மரத்துக்குக் கால்வாய் நீர், அது பொய்த்தால் நிலத்தடி நீர். பல்வேறு பயிர்களுக்காக உறிஞ்சியதில் அந்தப் பள்ளத்தாக்கின் மெண்டோட்டா பகுதியில் 1977-க்குள்ளாகவே தரைமட்டம் 28 அடி இறங்கிவிட்டது. 2014-இல்தான் நிலத்தடி நீருக்கு அங்கே சட்டம் வந்தது. மிக மோசமாகச் சுரண்டப்பட்ட படுகைகளுக்கு 2040 வரை அவகாசமும் தந்திருக்கிறார்கள். நெல், கோதுமையை ஓராண்டு பயிரிடாமல் விடலாம். பாதாம் தோப்பை அப்படி விட்டால் இருபது ஆண்டு முதலீடு கருகிவிடும். அதனால் வறட்சிக் காலத்தில்தான் ஆழ்துளைக் கிணறுகள் அதிகம் தோண்டப்படுகின்றன.

ஆகவே, எத்தனை லிட்டர் என்பதோடு எந்தத் தண்ணீர், யாருடைய தண்ணீர் என்றும் கேட்டாக வேண்டும். காஷ்மீரத்தின் மேட்டு நிலங்களில் மழையை நம்பி வளரும் பாதாமுக்கும் கலிபோர்னிய பாதாமுக்கும் கடையில் விலை வித்தியாசம் உண்டு. நீர் வித்தியாசம் எந்தச் சீட்டிலும் இல்லை. ஏலத்தின் நிலையும் நிரந்தரமல்ல. 2024 கோடையில் இடுக்கியில் வெப்பத்தில் ஏலச்செடிகள் ஏக்கர் கணக்கில் கருகியபோது, தோட்டக்காரர்கள் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். வானம் தந்த பயிர், குழாய் கேட்கும் பயிராக மாறிக்கொண்டிருக்கிறது.

புதுதில்லி இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? பாதாம் அங்கே ஒரு வரி விவகாரம். 2019 ஜூனில் அமெரிக்காவுக்குப் பதிலடியாக ஓட்டோடு கூடிய பாதாமுக்கு கிலோவுக்கு ரூ.35 ஆக இருந்த இறக்குமதி வரி ரூ.41 ஆனது. ஓடு நீக்கியதற்கு ரூ.100, ரூ.120 ஆனது. 2023 செப்டம்பரில் கூடுதல் வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. உயர்த்தியதற்கும் தாழ்த்தியதற்கும் ராஜதந்திரம்தான் காரணம். (ஓட்டோடு வரும் பாதாமைத் தலைநகரின் கராவல் நகரில் கையால் உடைத்துப் பிழைக்கும் பெண்கள் 2009 டிசம்பரில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தது தனிக் கதை.)

பாதாமையாவது வாங்குகிறோம், பிறர் தண்ணீர் நம்மிடம் வருகிறது. அரிசியை என்ன சொல்வது? உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. 2022-23-இல் சுமார் 2.2 கோடி டன் அரிசி கப்பலேறியது. கிலோவுக்கு 2,500 லிட்டர் என்ற உலக சராசரியை வைத்துப் பெருக்கினால் 1,900 டி.எம்.சி. வருகிறது. மழைநீரும் இதில் அடக்கம் என்பதால் இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்துக்கு நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல்! ஒரு டி.எம்.சி.க்காக இரு மாநிலங்கள் மேலாண்மை ஆணையத்தில் மல்லுக்கட்டும் நாட்டில், இத்தனை நீர் சுங்கச் சாவடியைத் தாண்டிப் போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பாசுமதி விளையும் பஞ்சாபில், ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நிலத்தடி நீர் உறிஞ்சப்படுகிறது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில் விலகியது. உள்நாட்டு விலையும் கையிருப்பும்தான் இரண்டுக்கும் அளவுகோல். தண்ணீர் அல்ல.

கோளாறு அரசியல் சாசனப் பகிர்விலேயே தொடங்குகிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம். வேளாண்மை 14-ஆவது இனம். ஏற்றுமதி, இறக்குமதியோ மத்தியப் பட்டியலின் 41-ஆவது இனம். கிணறு வற்றினால் பொறுப்பு மாநிலத்துக்கு. கிணற்று நீரை அரிசியாக அனுப்புவதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு. வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை, அமைச்சரவை போதும். 2009 ஆகஸ்டில் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கேரளம் கொதித்தது. அக்டோபர் 2-ஆம் தேதி மாநிலத்தின் நீளத்துக்கு மனிதச் சங்கிலி நின்றது. வியத்நாம் மிளகு வந்து மட்டாஞ்சேரி விலை சரிந்த பிறகு, 2017 டிசம்பரில் கிலோவுக்கு ரூ.500 என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அப்போதும் பேச்சு ரூபாயில்தான் நடந்தது.

மாநிலங்களும் சளைத்தவை அல்ல. முல்லைப் பெரியாறு என்றதும் கேரளத் தலைவர்கள் 1886 ஒப்பந்தத்தின் 999 ஆண்டுகளைச் சொல்லிக் குமுறுகிறார்கள். அணையின் பாதுகாப்பு வேறு விஷயம். அதை ஆராய்ந்துதான் 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. தண்ணீர் பறிபோகிறது என்ற வாதத்தைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். 1970-களின் மத்தியில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு இப்போது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர். மீதி அரிசி ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வருகிறது. கம்பத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் காய்கறி லாரிகள் நாள்தோறும் மலையேறுகின்றன. கிழக்கே திரும்பிய பெரியாற்றின் ஒரு பகுதி இப்படி மூட்டையாகவும் கூடையாகவும் மேற்கே திரும்பி வருகிறது. தமிழகத் தலைவர்களும் காவிரியில் ஒவ்வொரு கன அடிக்கும் கணக்குக் கேட்டுவிட்டு, டெல்டாவுக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றில் கரும்பு விளைவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரு தரப்புக்கும் இந்தக் கணக்குச் சங்கடமானது என்பதால்தானோ என்னவோ, மேடையில் எவரும் அதைத் தொடுவதில்லை!

இதற்காக அரிசி ஏற்றுமதியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதோ பாதாமுக்குத் தடை கேட்பதோ விவேகமாகாது. பஞ்சாப் விவசாயி நெல்லைத் தேடிப் போகவில்லை. கொள்முதலும் இலவச மின்சாரமும் அவரை நெல்லில் கட்டிப்போட்டிருக்கின்றன. ஆனால் ஏற்றுமதிக் கொள்கையோ வர்த்தக ஒப்பந்தமோ வகுக்கப்படும்போது, அதனால் எந்தப் படுகையிலிருந்து எவ்வளவு நிலத்தடி நீர் வெளியேறும், எவ்வளவு உள்ளே வரும் என்ற அறிக்கையை அவையில் வைப்பதில் அரசுக்கு என்ன தடை? படுகைவாரியாக நிலத்தடி நீர்க் கணக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்திடம் இருக்கிறது. ஏற்றுமதிக் கணக்கு வர்த்தக அமைச்சகத்திடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993 முதல் இயங்குகின்றன. வர்த்தகத்துக்கான குழு மாநிலங்களவையின் பொறுப்பில் இருக்கிறது. நீர்வளத்துக்கான குழு மக்களவையின் பொறுப்பில் இருக்கிறது. இவ்விரு குழுக்களும் மறைநீரை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள அரசியல் சாசனத் திருத்தமோ நீதிமன்றத் தீர்ப்போ தேவையில்லை. இரு அவைகளிலும் தமிழகத்துக்கு 57 உறுப்பினர்கள், கேரளத்துக்கு 29. முல்லைப் பெரியாற்றில் எதிரெதிராக நிற்கும் இவர்கள், இந்த ஒரு கோரிக்கையில் சேர்ந்து கையெழுத்திடலாம்.