மண்டையைத் திறக்காத வெளிச்சம்



சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில் கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பாசியை நுண்ணோக்கியில் கண்டோம். கிண்ண வடிவப் பசுங்கணிகம், இரு கசையிழைகள், ஒரு கண்புள்ளி எனப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தோம். அந்த ஏட்டைப் புரட்டிய என் அம்மா, "குளத்துப் பாசியைப் படிக்கவா இவ்வளவு தூரம் போற?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

அப்பாசி ஒளியை உணர்ந்து நீந்துவதற்கு உதவும் புரதத்தின் பெயர் சானல்ரோடாப்சின். ஒளி பட்டதும் திறந்து அயனிகளை உள்ளே விடும் கதவு அது. ஜெர்மனியில் கெயோர்க் நாகெல், பீட்டர் ஹெகெமான் முதலானோர் 2002, 2003 ஆண்டுகளில் இதை விளக்கினர். 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசராத் குழுவினர் இப்புரதத்திற்கான மரபணுவை நரம்புச் செல்களில் புகுத்தி, நீல ஒளி பாய்ச்சினர். ஒளி விழுந்த கணமே செல்கள் துடித்தன! மின்முனையைச் செருகினால் அக்கம்பக்கத்துச் செல்களும் சேர்ந்து தூண்டப்படும். இங்கோ மரபணு பெற்ற செல்கள் மட்டுமே ஒளிக்குப் பணிகின்றன. இம்முறைக்கு ஒளிமரபியல் என்று பெயர்.

இதில் எனக்கு என்ன அக்கறை? என் அண்ணனுக்குப் பத்து வயது முதல் வலிப்பு நோய். இழுப்பு வரும்போதெல்லாம் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். அதனால் பயன் ஏதுமில்லை என்பதை நான் அறிவேன். மாத்திரைகளும் முழுப்பலன் தரவில்லை. தலையில் அறுவை செய்து பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "சரியாகலேன்னா, திரும்பப் பழையபடி ஆக்கிடுவீங்களா?" மருத்துவர் மௌனமானார். அம்மா எழுந்து வந்துவிட்டார். அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

2013இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள், எலிகளுக்கு வலிப்பு தொடங்கும் கணத்திலேயே மூளைக்குள் ஒளி பாய்ச்சி அதை நிறுத்திக் காட்டினர். ஆனால், நீல ஒளி திசுவினுள் ஆழச் செல்லாது. ஆகவே எலியின் மண்டையோட்டில் துளையிட்டு ஒளியிழையைச் செருக வேண்டியிருந்தது. அம்மாவின் அச்சம் அங்கேயும் நிற்கிறது.

இதற்கும் வழி தேடுகிறார்கள். மின்சாரம் போன இரவில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பு மட்டும் மறுபுறம் கசியும். சிவப்பும் அகச்சிவப்பும் தசையையும் இரத்தத்தையும் ஊடுருவ வல்லவை. 2018இல் ஜப்பானில், வெளியிலிருந்து வரும் அகச்சிவப்பை வாங்கி மூளைக்குள் நீல ஒளியாக மாற்றும் நுண்துகள்களை எலிகளில் பயன்படுத்தினர். ஆயினும் துகள்களை ஊசியால் மூளைக்குள் செலுத்தியாக வேண்டும். 2020இல் ஸ்டான்ஃபோர்டு குழு இன்னும் ஒரு படி முன்னேறியது. மங்கிய செந்நிற ஒளிக்கும் திறக்கும் வேறொரு புரதத்தின் மரபணுவை வைரசு வழியாக இரத்தத்தில் செலுத்தி, மண்டையைத் திறக்காமலே 7 மில்லிமீட்டர் ஆழம் வரை எலியின் மூளைச் செல்களை இயக்கிக் காட்டியது.

மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் எலியின் மண்டையோடு மெல்லியது. மனிதனுடையதோ பல மில்லிமீட்டர் தடிப்பு. மனிதனுக்கு இம்முறையின் முதற்பயன் கிடைத்ததும், ஒளிக்கு இயற்கையே வாசல் வைத்த கண்ணில்தான். பார்வையிழந்த 58 வயது மனிதர் ஒருவர், ஒரு கண்ணில் மரபணு செலுத்தப்பட்டபின், தனிவகைக் கண்ணாடியின் துணையோடு மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டு எண்ணினார் என்று 2021இல் ஆய்வறிக்கை வெளியானது.

என் கருத்து இதுதான். கத்தி படவில்லை என்பதாலேயே ஒரு மருத்துவம் மென்மையானதாகிவிடாது. மூளையில் வைத்த மின்முனையைத் தேவையில்லையெனில் எடுத்துவிடலாம். செல்லுக்குள் புகுந்த மரபணுவை அவ்வாறு எடுத்துவிட இயலாது. காயம் கண்ணுக்குத் தெரியாமையால் கேள்வி கேட்கவும் நாம் மறந்துவிடக் கூடும். ஆதலின், துளையைச் சிறிதாக்க உழைக்கும் அறிவியல், 'திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?' என்ற கேள்விக்கும் அதே அளவு உழைக்க வேண்டும். நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் அவர்களுக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்லவும் வேண்டும்.

அம்மா, குளத்துப் பாசியைப் படிக்கத்தான் போகிறேன். உன் கேள்வியையும் உடன் எடுத்துச் செல்கிறேன்.