நினைவிலிருந்து புதினம்

கொடிகாத்த குமரன் 1932 சனவரி 11இல் உயிர்நீத்தார் என ஆவணங்கள் கூறும். அன்றிரவு திருப்பூர் வீடுகளில் அடுப்பெரிந்ததா, எவர் வரவுக்காக எவர் விழித்திருந்தனர் என்பவற்றை அவை கூறா. அவ்விடைவெளியை நிரப்புவது வரலாற்றுப் புதினம். அதற்குக் குடும்ப நினைவுகள் முதன்மையான மூலம். ஆந்திரத்திலிருந்து கரிசல் மண்ணுக்கு முன்னோர் பெயர்ந்துவந்த கதையைப் பெரியோர் சொல்லக் கேட்டே கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ (1976) படைத்தார். சாயக்கழிவு கலக்குமுன் நொய்யலில் நீர் முகந்த காலமும், கழனியை விட்டுப் பனியன் கம்பெனியில் பெற்ற முதற்கூலியும் திருப்பூர் மூத்தோர் நினைவில் இன்றும் உள்ளன. நினைவு பிழைபடலாம், ஆண்டையும் பெயரையும் ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கேட்கப்படாமலே மறைந்த நினைவையோ மீட்க இயலாது. ஆகவே, மாணவர் தம் வீட்டு மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதிவைத்தல் வேண்டும்.