துயரமும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும்

திருவரங்கம் அம்மா மண்டபத்தில் ஈமக்கடன்களை முடித்த சில நாள்களில், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை என்று மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. வீட்டில் நேர்ந்த மரணத்தைப் பலர் மருத்துவரிடம் கூறுவதில்லை. கூறினாலும் அது எப்போதும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. 'மனச்சோர்வு' என்ற ஒரு சொல்லே எஞ்சுகிறது.

இது மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பு குடும்பத்தினரின் மரணத்திற்கென இசட் 63.4 என்ற குறியீட்டை வைத்துள்ளது. அது நோயைக் குறிப்பதன்று. உடல்நலத்தைப் பாதிக்கும் சூழ்நிலையைக் குறிப்பது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, 'நீடித்த துயரக் கோளாறு' என்பதைத் தனியே வகுத்தது. குறைந்தது ஆறு மாதங்கள் கடந்தும், சமூக வழக்கத்தை விஞ்சி, அன்றாட வாழ்வைக் குலைக்கும் துயரத்தையே அது கோளாறு என்கிறது.

இறப்பு நாள் பதிவாகாவிடில், அடுத்த மருத்துவர் அந்த ஆறு மாதங்களை எவ்வாறு கணக்கிடுவார்? இயல்பான துயரம் மனநோயாகப் பதியலாம். சில வாரங்களுக்குத் தந்த தூக்க மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடரலாம். சிகிச்சை தேவைப்படும் துயரமோ கவனிக்கப்படாமலே போகலாம்.

கேட்டு எழுதுவது மருத்துவமனையினராகிய எங்கள் கடமை. நாங்கள் கேட்கத் தவறினும், இறந்தவர் யார், எப்போது என்பதைத் தாங்களே கூறுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லையெனில் சேர்க்கச் சொல்லுங்கள். துயரம் தாங்கவொண்ணாதபோது டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.